கவிஞரிடமே விற்கப்படும் கவிதைகள்

திருவெண்ணெய்நல்லூரிலோ அரசூரிலோ திண்டிவனத்துக் கல்லூரி விடுதி ஒன்றிலோ இருந்துகொண்டு கவிதை எழுதும் ஓர் இளைஞர், தன் முதல் தொகுப்பைக் கொண்டுவர ஆசைப்பட்டுப் பதிப்பகம் ஒன்றுக்குப் போன் போடுகிறார். எதிர்முனையிலிருந்து வரும் முதல் கேள்வி, “எத்தனை ஃபாரம் வரும்?” அடுத்தது, “எத்தனை காப்பி போடலாம்?” மூன்றாவது, “அட்வான்ஸ் எப்ப போடுறீங்க?” கவிதைகளைப் படித்தீர்களா சார் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், “அதெல்லாம் பிரமாதமா இருக்கு தம்பி” என்று பதில் வரும். கோப்பை அனுப்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

விழுப்புரம் மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் முதல் கவிதைத் தொகுப்புகள் இன்று இப்படித்தான் பிறக்கின்றன. அட்டைப்படம், லேஅவுட், ஐ.எஸ்.பி.என். எண், ஐம்பதோ நூறோ படிகள், இணையக் கடையில் ஓர் இடம், கூடவே கவிஞர் பெயர் பொறித்த கேடயம் என எல்லாம் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’. தொகை பெரும்பாலும் ஐந்து இலக்கம். சனி, ஞாயிறு வேலைக்குப் போய்ச் சேர்த்தது, வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் அனுப்பியது, அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கியது என்று எங்கிருந்தாவது அந்தப் பணம் புரட்டப்பட்டுவிடுகிறது. சில வாரங்களில் ஓர் அட்டைப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. ஆசிரியர்களுக்கும் உறவினர்களுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போக மிச்சம் கட்டிலுக்கு அடியில் போகிறது. அந்தப் புத்தகத்தை முன்பின் அறியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் படிப்பது அநேகமாக நடப்பதே இல்லை.

பணம் கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார், வாங்கியவர் சொன்னபடி அச்சிட்டுக் கொடுத்தார், இதில் அபாயச் சங்கு ஊத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு படிகூட விற்காமலே லாபம் பார்த்துவிட முடிகிற பதிப்பாளருக்கு வாசகர் தேவையில்லை. வாசகர் தேவையில்லாதவருக்கு நல்ல கவிதையும் தேவையில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் தேவையில்லை. “இந்த நாற்பதில் பதினைந்துதான் தேறும், இன்னும் இரண்டு வருடம் எழுதிவிட்டு வாப்பா” என்று சொல்லும் ஆசிரியரும் தேவையில்லை. அப்படிச் சொன்னால் வந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கவிதைக்கும் வாசகருக்கும் நடுவில் நின்று பொறுக்கி, திருத்தி, தன் கைக்காசைப் பணயம் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த இடைமனிதர் காணாமல் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய நாற்காலியில் ரசீதுப் புத்தகத்தோடு வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 80 பக்கம், அதாவது ஐந்து ஃபாரம். அட்டையில் விலை ரூ.100. பதிப்பாளர் தன் பணத்தில் 300 படி அச்சிட்டு, விற்ற படிக்கு 10 விழுக்காடு ராயல்டி தருகிறார் என்றால், 300 படியும் விற்ற பிறகு கவிஞருக்குக் கிடைப்பது ரூ.3,000. இது ஒன்றும் பெரிய தொகையல்ல. தமிழில் கவிதை எழுதி யாரும் வீடு கட்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் கவிஞரின் பையிலிருந்து ஒரு பைசா போகவில்லை, 300 வாசகர்களும் கிடைத்திருக்கிறார்கள். இதே புத்தகத்துக்குக் கவிஞர் ரூ.25,000 கட்டி நூறு படி வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி அவருக்கு 250 ரூபாய் விழுகிறது. நூறையும் முழு விலைக்கே விற்றுத் தீர்த்தாலும் கைநட்டம் 15,000. இந்தக் கணக்கை அந்த இளைஞருக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அவரும் கேட்பதில்லை. முதல் புத்தகம் என்ற மயக்கம் அப்படி.

இதைத் திருவெண்ணெய்நல்லூரை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஊர் இது. சடையப்பர் இந்த வெண்ணெய்நல்லூரா, சோழநாட்டுப் பக்கமா என்று ஆய்வாளர்கள் வழக்காடட்டும். கவிஞருக்குச் சோறு போட்டவரைக் காப்பியத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார் கம்பர் என்பதில் வழக்கில்லை. நூறு பாட்டுக்கு ஒருமுறை பாடப் புகுந்து, பிறகு ஆயிரத்துக்கு ஒருமுறை என்று ஆனதாகச் செவிவழிக் கதை. ஆதரித்தவருக்குக் கவிஞர் நன்றி சொன்ன ஊரில், இன்று கவிஞர் பணமும் கட்டி, ‘நன்றி’ப் பக்கத்தில் பதிப்பாளர் பெயரையும் போடுகிறார்.

வள்ளல்கள் காலம் போய்விட்டது, சரி. அச்சு வந்த பிறகும் முதல் நூலுக்குத் தோள் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1907-இல் பாரதியின் தேசியப் பாடல்கள் மூன்றைத் துண்டு நூலாக 15,000 படி அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் மிதவாதி, பாரதியோ திலகர் கட்சி. அரசியலில் எதிரெதிர்த் துருவம். பாட்டு நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. பாரதிதாசனின் கவிதைகள் முதல் தொகுதியாக 1938-இல் வெளிவந்தபோது கவிஞருக்கு வயது 47. வெளியிட்டவர் குஞ்சிதம் குருசாமி. புதுச்சேரிக் கவிஞருக்குச் சுயமரியாதை இயக்கத்துப் பெண்மணி ஒருவர் பதிப்பாளராக நின்றார். அவர்கள் எல்லாம் லாபம் எதிர்பார்த்தவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கவிதைகளைப் படித்தவர்கள், படித்ததனால் பணத்தையும் உழைப்பையும் போட்டவர்கள்.

சி.சு. செல்லப்பாவின் கதை இதைவிடக் கடுமையானது. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், புதுக்கவிதையைப் பலரும் கேலி பேசிய காலத்தில் அதற்கு இடம் கொடுத்து, 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். 24 கவிஞர்கள், 63 கவிதைகள். இதழுக்கு வந்து குவிந்தவற்றிலிருந்து ஒருவர் உட்கார்ந்து படித்து, கழித்து, தேர்ந்தெடுத்தவை. பிறகு அந்தப் புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். கையில் இருந்ததையெல்லாம் இழந்தார். இழந்தவர் பதிப்பாளர் என்பதைக் கவனியுங்கள். கவிஞர்களிடம் அவர் வசூலிக்கவில்லை.

இன்றும் தொகுப்பு நூல்கள் வருகின்றன. நூறு கவிஞர்கள், இருநூறு கவிஞர்கள், சில சமயம் ஆயிரம் கவிஞர்கள். ஒரு கவிதைக்கு இவ்வளவு என்று ‘பங்களிப்புத் தொகை’ ஜி பேயில் போய்விட வேண்டும். போட்டவர்கள் அனைவரும் தேர்வானவர்கள். போடாதவர்களின் கவிதைகளுக்கு மட்டும் ‘இடமின்மை’. புத்தகம் வந்ததும் பங்களித்தவர்கள் ஆளுக்கு ஒரு படி வாங்கியாக வேண்டும். அதை ‘உலக சாதனை’ என்று யாரோ பதிவு செய்வார்கள். அதற்கும் ஒரு சான்றிதழ், அதற்கும் ஒரு கட்டணம். அடுத்த கட்டத்தில் ‘கவிமாமணி’, ‘செந்தமிழ்ச் சுடர்’ போன்ற பட்டங்கள், பொன்னாடை, புகைப்படம். இதன் உச்சியில் கௌரவ டாக்டர் பட்டம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கையே வாடகைக்குப் பெற்று, திரையுலகப் பிரமுகர்கள் வரை போலி கௌரவ டாக்டர் பட்டங்கள் வழங்கப்பட்டு, அது காவல்துறைப் புகாராக வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய இடத்திலேயே அந்தக் கூத்து நடக்குமானால், விழுப்புரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடக்காது?

இளைஞர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. முன்பு ஊருக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. மாவட்டத்துக்கு இரண்டு மூன்று சிற்றிதழ்கள் இருந்தன. கவிதை ஒன்றை அனுப்பி, திரும்பி வந்து, மீண்டும் அனுப்பி, ஒருநாள் அச்சில் பார்த்து, அப்படி ஐந்தாறு வருடத்தில் ஒரு தொகுப்புக்குத் தேவையானது சேரும். அந்தத் திருப்பி அனுப்புதலில் ஒரு படிப்பு இருந்தது. இன்று சமூக ஊடகத்தில் மாலையில் எழுதினால் இரவுக்குள் இருநூறு பேர் இதயம் போடுகிறார்கள். ஆறு மாதத்தில் நூறு கவிதை சேர்ந்துவிடுகிறது. அந்த நூறில் ஒன்றைக்கூட யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது இழிவு என்றும் நாம் கருதவில்லை. வால்ட் விட்மன் 1855-இல் தன் ‘புல்லின் இதழ்க’ளைத் தானே வெளியிட்டார், முதல் பதிப்பில் 12 கவிதைகள், 795 படிகள், சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்தவரும் அவரே. பாரதியும் 1920-இல் கடையத்திலிருந்தபோது, தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 படி அச்சிடத் திட்டம் போட்டு நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். கடன் வரவில்லை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார். விட்மனும் பாரதியும் தாமே பதிப்பாளர் என்று தெரிந்து இறங்கியவர்கள். படிகள் அவர்கள் கையில், கணக்கு அவர்கள் கையில், விலை நிர்ணயம் அவர்கள் கையில். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்தார். இத்தனை பேர் வாங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அவரிடம் இருந்தது. இன்றைய முதல் தொகுப்புக்காரருக்கு இவை எதுவுமே கிடையாது. பதிப்பாளர் செய்ய வேண்டிய செலவை அவர் செய்கிறார்; பதிப்பாளருக்குரிய உரிமை மட்டும் பதிப்பாளரிடமே இருக்கிறது. கேட்கும்போது மட்டும் அச்சிடும் பிஓடி முறையில் எத்தனை படி அச்சாயிற்று, எத்தனை விற்றது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. கேட்டால் “ஒண்ணும் மூவ் ஆகல தம்பி.”

எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஓகே’, அவ்வளவுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு ஓலையின் அருமை தெரியாமல் இருப்பது வேடிக்கை. தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற ஆவண வழக்கு நடந்த இடம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைதானே! புத்தூரில் மணப்பந்தலில் இருந்த இளைஞரை, ‘நீ எனக்கு அடிமை’ என்று கிழவேதியர் ஒருவர் ஓலை காட்டி இழுக்கிறார். இளைஞர் ஆத்திரத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு இவ்வூர்ச் சபைக்கு வருகிறது. கிழிந்தது படியோலைதான் என்று சொல்லி மூலஓலையை எடுத்து நீட்டுகிறார் முதியவர். சபையார் சும்மா தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அந்த இளைஞருடைய பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சொன்னார்கள். அந்த இளைஞர்தான் சுந்தரர். அவர் வாயிலிருந்து முதல் பதிகம் பிறந்ததும் இங்கேயே, அருட்டுறைக் கோயிலில். எப்படிப் பாடுவது என்று தெரியாமல் திகைத்தவருக்கு, என்னைத் திட்டிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று அடியெடுத்துக் கொடுத்தவர், கிழவேதியராக வந்த அதே இறைவன் என்கிறது பெரியபுராணம். கட்டணம் கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை.

ஆகவே ஓலை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுவோம். கட்டண வியாபாரம் இந்த அறியாமையில்தான் நிற்கிறது.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, கவிதை எழுதப்பட்ட கணமே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்தால்தான் உரிமை என்று சொல்லி அதற்கு ஒரு தொகை கேட்பவரை நம்ப வேண்டாம், பதிவு கட்டாயமல்ல. கவிஞரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்த நூல், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மேல் செல்லாது. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய அந்த உரிமை காலாவதியாகிவிடும். ஒரு வாட்ஸ்அப் ‘ஓகே’யை வைத்துக்கொண்டு ‘உன் கவிதைகள் எங்களுக்குச் சொந்தம், வேறெங்கும் போடக்கூடாது’ என்று மிரட்டுபவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாக இரண்டாயிரம், மூவாயிரம் என்று ரசீது போடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது. தானே வெளியிடும் எழுத்தாளர்களும் விண்ணப்பித்துப் பெறலாம். அந்த எண்ணால் புத்தகத்துக்குத் தகுதி எதுவும் கூடுவதில்லை. அது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். அச்சான புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது (காகிதத்துக்கு உண்டு). ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று பில்லில் எழுதியிருந்தால் எதற்கு என்று கேட்க வேண்டும். இன்னொன்று: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடப்படும் ஒவ்வொரு நூலும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் போக வேண்டும். பதிப்பாளரின் கடமை அது. உங்கள் முதல் தொகுப்பு கன்னிமாராவுக்குப் போயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். ‘பேக்கேஜ்’காரரின் குரல் தடுமாறும்.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகமே தராதவர்கள், சொன்ன படிகளில் பாதி மட்டும் தந்தவர்கள், பக்கம் மாறிக் கட்டிய புத்தகத்தைத் தலையில் கட்டியவர்கள் விஷயத்தில் இன்னொரு வழி இருக்கிறது. பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் என்ற முறையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை. விழுப்புரத்திலேயே ஆணையம் இருக்கிறது. வங்கிப் பரிமாற்ற ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இருந்தால் அவையே இன்றைய மூலஓலை. வெட்கப்பட்டுக்கொண்டு அழித்துவிடாதீர்கள்.

சட்டம் தனிமனிதரைக் காப்பாற்றலாம். கவிதைக்கு வாசகரைக் கொடுப்பது நூலகம்தான். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம், 1948-இல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் எல்லோரும் கட்டுகிறோம். 4,600-க்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. ஒரு தொகுப்பை இவற்றில் பாதிக்கு மட்டும் வாங்கினாலே எந்தப் பதிப்பாளரும் கவிஞரிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அப்படி ஒரு காலம் இருந்தது. ‘லைப்ரரி ஆர்டர்’ என்ற ஒற்றை நம்பிக்கையில் சிறு பதிப்பகங்கள் கவிதை போட்டன. அதிலும் ஊழல் இருந்தது, வேண்டியவர் வேண்டாதவர் இருந்தது. ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை கணக்கிட்டதால் மெலிந்த கவிதைப் புத்தகம் எப்போதும் நோஞ்சான் பிள்ளையாகவே நடத்தப்பட்டது. ஃபாரத்தை நிரப்புவதற்காகவே பக்கத்துக்கு மூன்று வரி எழுதிய மகானுபாவர்களும் உண்டு. என்றாலும் ஆர்டர் வந்தது. பிறகு ஆண்டுக் கணக்கில் தாமதமாயிற்று; சிறு பதிப்பகங்கள் கடனில் விழுந்தன; அந்த இடைவெளியில்தான் கட்டண வியாபாரம் வேர் பிடித்தது. 2024-இல் தமிழக அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையை அறிவித்து இணையவழி விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல மாற்றம். அதிலும் பெயர் பெற்றவரும் பெரிய பதிப்பகமுமே முந்திக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கொள்முதலில் ஒரு பங்கு முதல் நூல்களுக்கு என்று ஒதுக்கப்பட வேண்டும். ஒரே நிபந்தனை போதும்: ஆசிரியரிடம் பணம் பெறவில்லை என்று பதிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவி வழங்கும் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் எழுத்தாளர்களுக்கு அரசின் தனி உதவித் திட்டமும் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் வட்டத்தில் கவிதை எழுதும் எத்தனை பேருக்கு இவை தெரியும்? விளம்பரம் ஓர் அரசு இணையதளத்தின் மூலையில் கிடக்கிறது. கட்டணப் பதிப்பாளரின் விளம்பரமோ கைப்பேசியைத் திறந்ததும் முகத்தில் அறைகிறது.

நல்ல பதிப்பாளர் யாருமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ‘புது எழுத்து’ காவேரிப்பட்டினத்திலிருந்து வருகிறது. ‘மணல்வீடு’ மேட்டூர்ப் பக்கத்து ஏர்வாடியிலிருந்து. இரண்டும் சென்னைக்கு வெகுதொலைவு. ‘புது எழுத்து’ கொண்டுவந்த கதிர்பாரதியின் முதல் தொகுப்பு ‘மெசியாவுக்கு மூன்று மச்சங்கள்’ 2013-இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. 2019-இல் அதே விருது ‘மணல்வீடு’ வெளியிட்ட சபரிநாதனின் ‘வால்’ தொகுப்புக்கு. இளம் கவிஞர்களுக்கான விஷ்ணுபுரம் குமரகுருபரன் விருது 2019-இல் ச. துரையின் ‘மத்தி’க்கும் 2021-இல் மதாரின் ‘வெயில் பறந்த’துக்கும் போயிற்று. இரண்டும் முதல் தொகுப்புகள். அதே விருதை 2018-இல் பெற்ற கண்டராதித்தன் நம் பக்கத்து ஊர்க்காரர், கண்டாச்சிபுரம். இதற்கெல்லாம் முன்பே, விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த த. பழமலய் 1988-இல் ‘சனங்களின் கதை’ என்ற முதல் தொகுப்பில் நடுநாட்டுச் சனங்களின் பேச்சையும் பிழைப்பையும் கவிதையாக்கித் தமிழ்க் கவிதையின் போக்கையே கொஞ்சம் திருப்பினார். இந்த மண்ணுக்குக் கவிதை புதிதல்ல. நல்ல முதல் தொகுப்பைக் கண்டுகொள்ளும் கண்களும் இன்னும் முழுக்க மூடிவிடவில்லை. ஆனால் அந்தக் கண்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணத்தக்கது. கட்டணக் கடைகளோ தெருவுக்கு ஒன்று.

கேரளத்தில் 1945-இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து, 120 ரூபாய் முதலீட்டில் கோட்டயத்தில் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளருக்கு 30 விழுக்காடு ராயல்டி கொடுத்த சங்கம் அது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1919 முதல் இளம் கவிஞர்களின் முதல் நூலைத் தேர்ந்தெடுத்துத் தானே பதிப்பிக்கிறது; நூறு ஆண்டு தாண்டி இன்றும் நடக்கிறது. நமக்கு யேல் அளவுக்குப் பணம் வேண்டாம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, மயிலம் தமிழ்க் கல்லூரி ஆகிய மூன்றின் தமிழ்த்துறைகள் ஒன்றுகூடினால் ஆண்டுக்கு ஒரே ஒரு முதல் தொகுப்பைத் தேர்ந்து, திருத்தி, 300 படி அச்சிட முடியாதா? தேர்வாகாத கைப்பிரதிக்கு ஏன் தேர்வாகவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்ப முடியாதா? அந்தக் கடிதம் பத்துக் கேடயங்களுக்குச் சமம்.

மூத்த கவிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்காமல் அணிந்துரை எழுதாதீர்கள். அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, பதிப்புரை என்று ஒரு ஃபாரம் முழுக்கப் பெரியவர்களே உட்கார்ந்துவிடுகிறார்கள். கவிதை பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ‘இவர் நாளைய பாரதி’ என்று இதுவரை நீங்கள் எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தொகுப்பு போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கவிதை எழுதும் தம்பி, தங்கைகளுக்கு: அவசரம் வேண்டாம். உங்கள் கவிதைகளை முதலில் இதழ்களுக்கு அனுப்புங்கள். உங்களைத் தெரியாத இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பதிப்பாளரிடம் அவர் போட்ட பழைய தொகுப்புகளை வாங்கிப் படியுங்கள். பக்கத்துக்கு நாலு பிழை இருந்தால் உங்கள் புத்தகத்திலும் அதுதான் நடக்கும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

2022-23 முதல் மாவட்டந்தோறும் அரசே புத்தகக் காட்சி நடத்துகிறது, விழுப்புரத்திலும் நடக்கிறது. அடுத்த காட்சியில் இந்த மாவட்டத்தின் முதல் தொகுப்புகளுக்கு என்று வாடகையில்லாத ஓர் அரங்கை மாவட்ட ஆட்சியர் ஒதுக்க வேண்டும். அரசின் நிதியுதவித் திட்ட விண்ணப்பங்கள் அங்கேயே கிடைக்க வேண்டும்; நூலக ஆணைக்குழு அங்கிருந்தே சில தொகுப்புகளை வாங்க வேண்டும். காட்சிக்கு வரும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: போட்டித் தேர்வு வழிகாட்டிகளோடு சேர்த்து, பெயர் தெரியாத ஒருவரின் முதல் தொகுப்பு ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கிப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அவருக்கு எழுதுங்கள்.